களரி கற்பிக்கும் அடக்கம்

"அஹிம்சையை விரும்பும் சாதகன் போர்க்கலையைக் கற்கலாமா?" என்று அன்பர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. விடை கூறுவதற்கு முன், வட கேரளக் களரி ஒன்றினுள் சற்று நுழைந்து பார்ப்போம்.

மரபான களரி, நிலத்தைத் தோண்டி அமைத்த மண்கூடம். நீளம் 42 அடி, அகலம் 21 அடி, வாயில் கிழக்கில். மாணவன் வலது காலை முன்வைத்து இறங்குகிறான். மண்ணைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்கிறான். தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை இருக்கிறது. அங்கு உறையும் தெய்வத்தை வணங்கி, குருக்களின் பாதம் தொட்ட பிறகே பயிற்சி தொடங்குகிறது.

வாளேந்தும் ஆவலுடன் வந்த இளைஞனுக்கு முதலில் ஏமாற்றமே. காலை வீசுதல், குனிதல், யானை, சிங்கம், பாம்பு போன்ற விலங்குகளின் நிலைகளில் நிற்றல் என மெய்த்தாரி நீள்கிறது. அவனுடைய முதல் எதிரி அவனது சோம்பலே! பின்னர் மரக்கோல்களைக் கொண்ட கோல்தாரி. அதன் பின்னரே உலோக ஆயுதங்களின் அங்கத்தாரி. அவற்றுள் உருமி என்னும் சுருள்வாள் விசித்திரமானது. சுழற்றுபவனின் கவனம் கணநேரம் சிதறினாலும் அது அவனையே வெட்டும். கோபத்தோடு அதைக் கையாள முடியாது. மனத்தை ஒருமுகப்படுத்துவதைப் பற்றி நாம் எத்தனையோ சொற்பொழிவுகளைக் கேட்கிறோம். இத்தனை கண்டிப்பான ஆசான் நமக்கு வாய்ப்பதில்லை.

இறுதியில் வருவது வெறுங்கைப் பயிற்சி. ஆயுதமற்ற கையை ஏன் கடைசியில் வைத்தார்கள்? மர்ம ஞானம் அதனுடன் இணைந்திருப்பதால்தான். சுஸ்ருத சம்ஹிதை 107 மர்மங்களைக் கூறுகிறது. தாக்கினால் உயிரைப் பறிக்கக்கூடிய இவ்விடங்களை அறிந்தவரே அடிபட்டவரைக் குணப்படுத்தவும் வேண்டும். அதனால் களரியின் குருக்கள் மருத்துவரும் ஆவார். இந்த ஞானத்தை அவர் எல்லோருக்கும் தருவதில்லை. மாணவனின் குணத்தைப் பல ஆண்டுகள் கவனிக்கிறார். தகுதியில்லை எனக் கண்டால் மௌனமாகிவிடுகிறார். தக்க சீடன் கிடைக்காவிட்டால் வித்தை தம்மோடு அழிந்துபோகும் என்பதும் அவருக்குத் தெரியும். அறிவை மறைப்பது நியாயமா என்று இக்காலத்தவர் வாதிடலாம். ஒரு முரடனிடம் அது சென்றால் விளையும் தீங்குக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் குருக்கள்தாம் என்பதை எண்ணும்போது, அவரது தயக்கம் எமக்குச் சரியாகவே படுகிறது.

வடகரையில் ராகவன் குருக்கள் 1949-இல் நிறுவிய களரியில் கட்டணம் என்று ஒன்று இல்லை. மாணவர் தரும் குருதட்சிணையே வருவாய். அவருக்குப்பின் அதை நடத்திவரும் அவரது துணைவியார் மீனாட்சி அம்மா, ஏழு வயதில் களரியில் இறங்கியவர். 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கேள்வி கேட்ட அன்பர்கள் தம் குழந்தைகளைத் தற்காப்புக்கலை வகுப்பில் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் அதற்குமுன், எப்போது பெல்ட் கிடைக்கும் என்று விசாரிக்காமல், முதல் ஆறு மாதங்களில் என்ன கற்பிப்பீர்கள் என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.