நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

அன்புள்ள மகளுக்கு,

க.விலக்கு மருத்துவக் கல்லூரிக் கூட்டத்தில் நீ வாசித்த இரட்டையர் கட்டுரையை இரண்டு தரம் படித்தேன். இரண்டாம் தரம் கோபத்தோடு.

"16-வது வாரத்துக்குப் பின் நோயாளி வரத் தவறிவிட்டார்" என்று எழுதியிருக்கிறாய். யாரம்மா தவறியது? கம்பம்மெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கப் போகிறவள் அவள். விடியுமுன் ஜீப் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. ஸ்கேனுக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. இரண்டு வாரத்துக்கு ஒருதரம் வரச் சொன்னாயே, ஏன் என்று சொன்னாயா? எப்படிச் சொல்வாய்? 12-வது வார ரிப்போர்ட்டில் "இரட்டைக் கர்ப்பம், இரண்டுக்கும் துடிப்பு உண்டு", அவ்வளவுதான். நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று ஒரு சொல் இல்லை. அதை நீயும் கண்டிக்கவில்லை!

இதையே சொல்லிச் சொல்லி 'நஞ்சுக்கொடியம்மா' என்று பட்டப்பெயர் வாங்கியவள் நான். 11-லிருந்து 14 வாரத்துக்குள் பார்த்தால், சவ்வு சேருமிடம் லாம்டா வடிவமா (நஞ்சுக்கொடி இரண்டு), டி வடிவமா (ஒன்று) என்று பளிச்சென்று தெரியும். நாள் போகப்போக அது மங்கிவிடும். ஒற்றை நஞ்சுக்கொடி என்றால் தாய்சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் தமிழில், சிவப்பு மையில் எழுது. கிராமத்து நர்ஸம்மா அதைப் படித்துவிட்டு அவள் வீட்டுவாசலில் போய் நிற்பார்.

எங்கள் காலத்தில், ஒற்றை நஞ்சுக்கொடி வழியே ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் போன விஷயமே பிரசவத்துக்கு அப்புறம்தான் தெரியும். ஒன்று செக்கச்செவேலென்று பிறக்கும், ஒன்று வெளுத்துப்போய். நஞ்சுக்கொடியை டிரேயில் பரப்பி, ஒரு குழந்தையின் தொப்புள்கொடி ரத்தக்குழாயில் நீலச்சாயத் தண்ணீரை ஊசியால் ஏற்றுவேன். அது ஊர்ந்து ஊர்ந்து மற்றவன் பக்கக் குழாயில் எட்டிப் பார்க்கும். மருத்துவ மாணவர்கள் வாயடைத்து நிற்பார்கள். வயிறு விம்மி மூச்சு வாங்கும் தாய்க்கு, ஊசி போட்டுப் பனிக்குட நீரை வடிப்பதுதான் அன்றைய வைத்தியம். 2004-ல் ஐரோப்பிய ஆய்வு வந்தது. ஒரு குழந்தையாவது 28 நாள் தாண்டிப் பிழைத்தது அந்த இணைப்புக் குழாய்களை லேசரால் அடைத்தவர்களில் 76 சதவீதம். நீர் வடித்தவர்களில் 56. அதற்குமேல் வாதாட என்ன இருக்கிறது?

ஐந்தாம் பக்கத்துக்கு வருகிறேன். அவள் திரும்பி வந்தபோது ஒரு பனிக்குடப் பையில் நீர் 2 செ.மீ.க்குக் கீழே, மற்றதில் 8-க்கு மேலே. அத்தோடு எழுந்துவிடாமல், சின்னவனின் சிறுநீர்ப்பை நிரம்புகிறதா என்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாய். நிரம்பவில்லை என்றதும் அன்று மாலையே லேசருக்கு அனுப்பியிருக்கிறாய். என்னிடம் பயின்ற யாரிடமும் இந்தப் பொறுமையை நான் கண்டதில்லை. அதைப் போய் அரை வாக்கியத்தில் அடக்கிவிட்டாயே, பைத்தியக்காரி! ஒரு பக்கம் எழுதியிருக்க வேண்டும்.

அச்சுக்கு அனுப்புமுன் 'தவறிவிட்டார்' வரியை எடு. ஜீப் நேரத்தையும் கூலியையும் எழுது. அடுத்த ஒற்றை நஞ்சுக்கொடிக்காரி வந்தால் அவள் ஸ்கேனை ஞாயிற்றுக்கிழமை வை. அறையைத் திறக்கச் சொல்லிச் சண்டை போட வேண்டியிருக்கும். போடு.

உன் பழைய டீச்சர்