எண் பொருந்துகிறது, எழுத்து பொருந்துகிறதா?

உத்திரமேரூர் வட்டாரத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். ஏழாம் வகுப்பில் மின்கலன்கள் பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது நேர்ந்த ஒரு தவறிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். தவறு என்னுடையது.

அவ்வகுப்பில் காதுக்குப் பின்புறம் மாட்டும் காதொலிக் கருவி அணிந்த மாணவி ஒருத்தி இருக்கிறாள். திங்கள், செவ்வாயில் கேள்வி கேட்டவுடன் பதில் சொல்வாள். வியாழன், வெள்ளியில் பெயர் சொல்லி அழைத்தாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். வாரக் கடைசியில் கவனம் சிதறுகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பில் எல்லோர் முன்பும் கடிந்துகொண்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த தோழிதான் எழுந்து, "டீச்சர், அவ மெஷின்ல செல் தீர்ந்துபோச்சு. நீங்க திட்டினதே அவளுக்குக் கேட்கல" என்றாள்.

அன்று மாலையே அவளுடைய அம்மாவைச் சந்தித்தேன். "மெஷினோட கொடுத்த செல் தீர்ந்ததும் கடையில காட்டினேன் டீச்சர். இதே சைசுன்னு ஒண்ணு கொடுத்தாங்க. சரியாத்தான் உட்காருது. ஆனா நாலு நாள்தான் வருது. சனிக்கிழமை கூலி வந்தாத்தான் அடுத்தது வாங்க முடியுது" என்றார். வாரத்தில் இரண்டு நாள் அந்தக் குழந்தை எதுவும் கேட்காமலே என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

அளவு ஒன்று, மின்கலன் வேறு

தீர்ந்துபோன பழைய மின்கலனையும் கடையில் வாங்கியதையும் மேசைமேல் வைத்துப் பார்த்தேன். இரண்டும் 11.6 மில்லிமீட்டர் விட்டம், 5.4 மில்லிமீட்டர் தடிமன். பழையது 675 என்னும் துத்தநாகக் காற்று மின்கலன். அதன் பன்னாட்டுக் குறியீடு பிஆர்44. கடையில் கொடுத்தது எல்ஆர்44. இது பொம்மைகளிலும் கால்குலேட்டரிலும் போடும் காரவகை பட்டன் செல்.

துத்தநாகக் காற்று மின்கலனின் ஒரு முகத்தில் மிகச் சிறிய துளைகள் இருக்கும். வினைக்குத் தேவையான ஆக்சிஜனை அது வெளிக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால் உள்ளே உள்ள இடத்தின் பெரும்பகுதியில் துத்தநாகத்தை நிரப்ப முடிகிறது. அதன் கொள்ளளவு சுமார் 600 மில்லி ஆம்பியர் மணி. எல்ஆர்44 தனக்கு வேண்டிய மாங்கனீசு டை ஆக்சைடையும் உள்ளேயே வைத்திருக்க வேண்டும். அதன் கொள்ளளவு சுமார் 150 அல்லது அதற்கும் குறைவு. மேலும், துத்தநாகக் காற்று மின்கலன் தீரும்வரை ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தைத் தரும். காரவகையில் அது நாளுக்கு நாள் இறங்கும். மாணவிக்கு ஒலி படிப்படியாக மங்கியதற்கும் நான்கே நாளில் நின்றதற்கும் இவையே காரணம்.

எழுத்து சொல்லும் செய்தி

குறியீட்டில் உள்ள எண் அளவைச் சொல்கிறது. 'ஆர்' என்பது உருளை அல்லது வட்ட வடிவம். அதற்கு முன் வரும் எழுத்துதான் உள்ளே இருக்கும் வேதிப்பொருளைச் சொல்கிறது. கரும்பலகையில் நான் எழுதிப்போட்டவை:

- எல் – காரவகை, 1.5 வோல்ட்
- எஸ் – சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட்
- பி – துத்தநாகக் காற்று, 1.4 வோல்ட்
- சி – லித்தியம், 3 வோல்ட்
- எச் – நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு (மின்னேற்றம் செய்யக்கூடியது), 1.2 வோல்ட்
- முன்னெழுத்து இல்லாத ஆர் – சாதாரண துத்தநாகக் கார்பன், 1.5 வோல்ட்

எண் பொருந்தினால் மின்கலன் கருவிக்குள் உட்காரும். எழுத்தும் பொருந்தினால்தான் கருவி வேலை செய்யும். இந்தப் பாடத்தில் மாணவர்கள் மறக்கக்கூடாதது இதைத்தான்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

முதல் செயல்பாடு வீட்டில். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் இரத்த அழுத்தமானியும் சர்க்கரை அளவு பார்க்கும் கருவியும் கிராமத்துக் குழந்தைகளுக்குப் பழக்கமானவை. பலருடைய தாத்தா, பாட்டிக்குச் சொந்தமாகவும் உண்டு. கருவியை எடுத்துவரச் சொல்லாமல், மின்கலப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் பெரியவர் ஒருவர் துணையுடன் பார்த்து எழுதிவரச் சொன்னேன். சர்க்கரைக் கருவிகளில் சிஆர்2032, வெப்பமானிகளில் எல்ஆர்41, அழுத்தமானிகளில் நான்கு எல்ஆர்6 என்று எழுதி வந்தார்கள். சிஆர்2032 என்பதில் 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் இருப்பதை அவர்களே அளவுகோல் வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாவது, சாதாரண பென்சில் செல்லையும் (ஆர்6) காரவகையையும் (எல்ஆர்6) மல்டிமீட்டரால் அளந்தோம். தனியாக அளந்தபோது இரண்டும் ஏறக்குறைய 1.5 வோல்ட். டார்ச் பல்பை இணைத்து அளந்தபோது சாதாரண செல்லின் அளவு அதிகமாக இறங்கியது. அகமின்தடை என்ற சொல்லை அப்போது அறிமுகப்படுத்தினேன். அழுத்தமானியின் மோட்டார் கைப்பட்டையில் காற்றடைக்க நல்ல மின்னோட்டம் வேண்டும். சாதாரண செல் போட்டால் காற்று பாதி ஏறும்போதே கருவி நின்றுவிடலாம். மின்னேற்றும் செல்கள் நான்கு சேர்ந்தாலும் 6 வோல்ட் வராது, 4.8 தான் வரும். கருவியின் கையேடு அனுமதித்தால் மட்டுமே அவற்றைப் போட வேண்டும்.

மூன்றாவது செயல்பாட்டை அந்த மாணவியிடமும் அவளுடைய அம்மாவிடமும் முன்பே கேட்டுச் சம்மதம் பெற்றுத்தான் செய்தேன். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வழியாகச் சரியான மின்கலன்கள் கிடைத்திருந்தன. ஒன்றின் ஒட்டுத்தாளைப் பிரிக்காமல் அளந்தோம். பிறகு பிரித்துவிட்டுச் சில நிமிடம் காத்திருந்து அளந்தோம். காற்று உள்ளே போகப் போக மீட்டரில் எண் ஏறியதை வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. அந்த மின்கலனை அவளே தன் கருவியில் பொருத்திக்கொண்டாள். தேவைப்படும் வரை ஒட்டுத்தாளைப் பிரிக்கக்கூடாது, பிரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே வரும் என்பதைத் தோழிகளுக்கு அவள்தான் விளக்கினாள்.

மின்கலனுக்கும் ஒரு தகுதிப் பட்டியல்

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குத் தெரியும். குடவோலையில் பெயர் எழுதத் தகுதியானவர் யார், தகுதியற்றவர் யார் என்று அது வரிசைப்படுத்துகிறது. வயது 35 முதல் 70 வரை, கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு என்று அப்பட்டியல் நீளும். அதே முறையில் கருவிக்குள் நுழையும் மின்கலனுக்குக் குழுக்களாக எழுதச் சொன்னேன். தேறிய பட்டியல் இது:

தகுதிகள்: கருவியில் அச்சிட்ட அதே எண். அதே எழுத்து. காலாவதித் தேதி தாண்டாதது. உறை பிரிக்காதது.

தகுதியின்மைகள்: கசிந்தது, உப்பியது. பழையதும் புதியதும் கலந்தது. வெவ்வேறு வகைகள் கலந்தது. மாதக்கணக்கில் பயன்படுத்தாத கருவிக்குள் விட்டுவைத்தது.

ஆசிரியர் கவனத்திற்கு

பட்டன் செல்களை எண்ணிக் கொடுத்து எண்ணித் திரும்பப் பெற வேண்டும். தொடக்க வகுப்புகளில் கையில் கொடுக்கவே வேண்டாம், படம் போதும். விழுங்கிய செல் உணவுக்குழாயில் சிக்கினால் ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து காரம் உருவாகும். இரண்டு மணி நேரத்திலேயே திசு கருகிவிடும். 20 மில்லிமீட்டர் லித்தியம் செல் மிகவும் ஆபத்தானது. தீர்ந்துபோன செல்லும் இதைச் செய்யும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தீர்ந்த செல்களின் மேல் செல்லோடேப் ஒட்டித் தனி டப்பாவில் சேர்க்கலாம். 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளும் அவற்றை மற்றக் குப்பையோடு சேர்க்கக் கூடாது என்கின்றன.

காதொலிக் கருவி அணிந்த குழந்தை உங்கள் வகுப்பில் இருந்தால் காலையில் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். வாயசைவு தெரியாதபடி நின்று ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லுங்கள். குழந்தை திருப்பிச் சொன்னால் கருவி வேலை செய்கிறது. இப்போது நான் வருகைப் பதிவேட்டை எடுப்பதற்கு முன் இதைச் செய்கிறேன். என் மேசை இழுப்பறையில் ஒட்டுத்தாள் பிரிக்காத பிஆர்44 ஒன்று எப்போதும் இருக்கிறது.

அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல டீச்சர், எனக்குத்தான் கேட்கவே இல்லையே" என்று சிரித்தாள். இந்த வெள்ளிக்கிழமை முதல் கையை உயர்த்தியவள் அவள்தான்.