பழமொழிப் பாடம்

பேச்சுக்கு வலிமை தருவன பழமொழிகள். நெடுநேரம் விரித்துரைத்தும் விளங்காத ஒன்றை நாலைந்து சொற்களில் விளங்கச் செய்யும் ஆற்றல் அவற்றிற்கு உண்டு. நுட்பமும் சுருக்கமும் பொருந்தி, கருதிய பொருளை நிலைநாட்டுதற்குக் காரணமாய் வருவது முதுமொழி என்பது தொல்காப்பியர் கருத்து. முன்றுறை அரையனார் பாட்டுக்கொரு பழமொழியாக நானூறு வெண்பாக்கள் பாடினார். பெர்சிவல் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1874-ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்திற்கு மேற்பட்ட பழமொழிகள் உள்ளன.

இத்துணைச் செல்வம் இருந்தும், வகுப்பறையில் பழமொழி பெரும்பாலும் உயிரற்றுக் கிடக்கிறது. கரும்பலகையில் ஒருபுறம் பத்துப் பழமொழிகள். மறுபுறம் பத்துப் பொருள்கள். பொருத்தினால் மதிப்பெண், தேர்வு முடிந்தால் மறதி. ஒரு சமயத்தில் ஒருவர் வாயில் பிறந்த சொல்லை, அச்சமயத்தைக் காட்டாமல் கற்பித்தால் அது நெஞ்சில் எங்ஙனம் நிற்கும்?

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிற்றூர்ப் பள்ளியை எண்ணிப் பார்க்கலாம். ஆசிரியர், "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்று எழுதி, "வழி என்பது யாது?" என வினவுகிறார்.

"நல்ல காலம், ஐயா" என்கிறான் ஒருவன். "திருமணம், ஐயா" என்கிறாள் ஒருத்தி. இரண்டும் உரைநூலில் உள்ள விடைகளே. கடைசி வரிசையிலிருந்து, மந்தன் எனப் பெயர் வாங்கிய உழவர் வீட்டுச் சிறுவன் தயங்கி எழுகிறான்.

"வண்டி போகும் வழி, ஐயா. சம்பாப் பயிர் நிற்கும்வரை வரப்பின்மேல்தான் நடக்கவேண்டும், அது வழுக்கும். தையில் அறுப்பு முடிந்தால் வயலுக்குள்ளேயே வண்டி போகும்."

வகுப்பு முழுதும் திரும்பிப் பார்க்கிறது. ஆசிரியர் அவனை அழைத்து, வயலையும் வரப்பையும் கரும்பலகையில் வரையச் சொல்கிறார். நெல் வீடு சேர்ந்தால் கையில் பொருள் சேரும்; பொருள் சேர்ந்தால் திருமணமும் கூடும். முதலில் வந்த விடைகள் இரண்டும் அவ்வண்டியின் பின்னே வந்து நிற்கின்றன.

இவ்வாறு பொருள் காண்பது வேறு. சொல்லையே திரிப்பது வேறு. "மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா" என்பதில் வருவது குதிரை அன்று, குதிர் என்னும் மணல்மேடே என்பர் சிலர். மண்ணாற் செய்த குதிரை நீரிற் கரையும் என்பது குழந்தைக்கும் விளங்குமே! சான்று காட்டாத விளக்கத்தை மாணவர் ஏற்கவேண்டுவதில்லை.

பழமொழிகள் தம்முள் முரணுவதும் உண்டு. "பதறாத காரியம் சிதறாது" என்பது ஒன்று. "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்பது மற்றொன்று. கணக்குப் போடுபவனுக்கு முன்னது பொருந்தும். கூரையில் தீப்பற்றியவனுக்கு அது பொருந்துமா? ஆகவே, எது சரி என்று கேளாமல், எப்பொழுது, யாரிடம் என்று கேட்டல் வேண்டும்.

அக்கேள்வி ஆசிரியரையும் விடாது. "அடியாத மாடு படியாது" என்று சொல்லிச் சொல்லியே பல தலைமுறை மாணவர்மேல் பிரம்பு வீழ்ந்தது. மாட்டுக்குச் சொன்னதை மாணவனுக்கு ஏற்றினர். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்தது. பழமொழியோ இன்னும் வழங்குகிறது. பெண்களையும் சில குலத்தாரையும் இழித்துரைக்கும் பழமொழிகளும் உள. அவற்றை மறைப்பதினும், யார் யாரை நோக்கிச் சொன்னது என்று மாணவரை ஆராயச் செய்வது நன்று.

அவ்வாசிரியர் வார இறுதிக்கு ஒரு வேலை தருகிறார். வீட்டில் காதில் விழும் பழமொழி ஒன்றை, சொன்னவர் யார், கேட்டவர் யார், நேர்ந்தது யாது என்பவற்றோடு எழுதி வரவேண்டும். திங்கட்கிழமை குறிப்பேடுகள் வருகின்றன. கடைசி வரிசைச் சிறுவன் எழுதியிருப்பது இது: "உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது. அப்பா சொன்னார். அம்மாவிடம். நெல் விற்ற அன்று இரவு."

உழக்கு என்பது காற்படி என்று ஆசிரியர் விளக்குகிறார். பிறகு, "கணக்கு எப்படி வந்தது?" என்று கேட்கிறார். சிறுவன் சுண்ணக்கட்டியை எடுத்து, விதை, உரம், உழவுக்கூலி, அறுப்புக்கூலி என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதத் தொடங்குகிறான். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.