விற்கும் நாளை முதலில் பாருங்கள்

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் தெருவில் மிளகு வாங்க வருகிறவர் சாக்கில் குத்தூசியைச் செருகி, நாலு மணியை உள்ளங்கையில் கொட்டி, நகத்தால் அழுத்திப் பார்ப்பார். பி.காம். முடித்து வேலைக்குப் போகிற பிள்ளைகள் பார்ப்பது செல்போனில் ஏறி இறங்கும் நிஃப்டி ஆப்ஷன் விலையை. அப்பா சொன்னாரென்று சிட்டியில், அதாவது நம்மூர்ச் சீட்டில், பாதி, நண்பன் சொன்னானென்று ஆப்ஷனில் மீதி என்று முதல் சம்பளம் போய்விடுகிறது. போட்டதை எப்படி எடுப்பது என்ற பேச்சே வருவதில்லை.

வங்கி டெபாசிட்டைப் பாதியில் உடைத்தால் வட்டியில் கொஞ்சம் போகும். 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு. தங்கம் எந்த ஊரிலும் விலைபோகும், செய்கூலிதான் திரும்பாது. சிட்டி கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 1969-ல் தொடங்கிய கேரள அரசின் நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. நடத்தினாலும், ஏலம் எடுக்காமல் தவணையை நிறுத்தியவர், போட்ட பணம் திரும்பத் தன் இடத்துக்கு ஆள் வரும்வரையோ சிட்டி முடியும்வரையோ காத்திருக்க வேண்டும்.

மிளகோ இந்தத் தெருவின் செல்லப்பிள்ளை. நன்றாகக் காய்ந்தது வருஷக்கணக்கில் கெடாது. கல்யாணம், காட்சி என்றால் ஒரு மூட்டையை விற்கலாம். முன்பேர வணிகமும் இங்கே 1957-லேயே வந்துவிட்டது. ஆனால் 2012 டிசம்பரில், மினரல் எண்ணெய் கலந்திருக்கிறது என்று கொச்சிக் கிடங்குகளில் 6,000 டன்னுக்கு மேற்பட்ட மிளகுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை சீல் வைத்தது. என்.சி.டி.இ.எக்ஸ். என்ற முன்பேரச் சந்தையில் கைமாறிக்கொண்டிருந்த சரக்கு அது. கையில் கிடங்கு ரசீது இருந்தது, மூட்டையைத் தொட முடியவில்லை. சுத்தம் செய்து வெளியே எடுக்க ஆண்டுகள் ஆயின.

மிளகுக்கே இந்தக் கதி. ஆப்ஷன் என்பதோ குறித்த நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை மட்டும்தான், அதில் சரக்கு என்று ஒன்று கண்ணில் படுவதேயில்லை. சந்தை அசையாமல் நின்றாலும் வாங்கிய ஆப்ஷன் ஐஸ்கட்டி மாதிரி கரையும். எக்ஸ்பயரி என்ற கடைசி நாளில் பூஜ்யமானால் விற்க எதுவும் மிஞ்சாது. ஆப்ஷனை எழுதி விற்பவர் அதன் விலையான பிரீமியத்தை வாடகை மாதிரி வாங்கிக்கொண்டிருப்பார். ஒரு மோசமான நாள் வந்தால் வருஷ வாடகையும் போய் வீடும் போகும். பங்கு ஆப்ஷனில் இன்னொரு வில்லங்கம்: லாபத்தில் நிற்கும் ஒப்பந்தத்தைக் கடைசி நாள்வரை முடிக்காமல் விட்டால் பங்கையே வாங்கவோ கொடுக்கவோ வேண்டும். சில ஆயிரம் போட்டவரிடம் புரோக்கர் லட்சங்களில் கேட்பார். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்த சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ-வில், அதாவது முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில், இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்றது. மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். யூடியூபில் பேசுகிறவர்கள் எல்லாரும் மீதி 7 சதவீதத்தில்தான் இருக்கிறார்கள் போலும்!

கணக்கு கைவந்தவர்கள், நஷ்டத்தை ஒப்புக்கொண்டு அன்றே எழுந்துபோகிற மனசு உள்ளவர்கள் இறங்கிப் பார்க்கட்டும். அந்த மனசு இருபத்திரண்டு வயதில் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை, பழகலாம், அவசரமில்லை. பணம் போடும் முன் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன விலைக்கு, எந்தத் தேதிக்குள், யாரிடம் விற்பது. மூன்றாவது வரி காலியாக இருந்தால் அந்த மாதச் சம்பளம் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும்.