புற்றில் குடியிருப்பது யார்?

கரப்பானைக் கண்டால் செருப்பைத் தேடுகிறோம்; புற்றைக் கண்டால் செருப்பைக் கழற்றுகிறோம். புற்றைக் கட்டும் கறையானும் கரப்பான் வம்சம்தான் என்றால், சங்கரன்கோவில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுத் திரும்பும் நம் ஊர்க்காரர் ஒருவரும் நம்பப்போவதில்லை.

நம்பிக்கை: கறையான் ஒருவகை எறும்பு.

வெள்ளைக்காரர்களும் அதை வெள்ளை எறும்பு என்றுதான் சொன்னார்கள். ஆனால் எறும்புக்குச் சொந்தம் குளவியும் தேனீயும். எறும்பு கூட்டுப்புழுவாகி உருமாறும். கறையான் குஞ்சோ, கரப்பான் குஞ்சைப்போல, பிறக்கும்போதே பெரியதன் சின்ன உருவம். ஆண் எறும்பு இணைசேர்ந்ததும் செத்துப்போகும். கறையான் ராஜா ராணியோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தும். 2007-ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு, கறையானைக் கரப்பான் வரிசைக்குள்ளேயே சேர்க்கச் சொன்னார்கள். இன்று அதுவே வழக்கு.

நம்பிக்கை: புற்றைக் கட்டியது பாம்பு.

‘கறையான் புற்றெடுக்க, பாம்பு குடிபுகுந்தது’ என்ற பழமொழியே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. மேலே போவோம்.

நம்பிக்கை: புற்றுக் கறையான் மரத்தைத் தின்றே வாழ்கிறது.

தாமிரபரணிக் கரையில் புற்றெழுப்பும் ஓடோன்டோடெர்மிஸ் என்ற கறையான் ஒரு விவசாயி. சருகையும் மரத்தூளையும் மென்று பாத்தி கட்டி, அதில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சையை வளர்க்கும். அந்த விளைச்சல்தான் சாப்பாடு. மழைக்குப் பின் நாம் பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக்காளான் அந்த வயலின் பூ. இந்த விவசாயம் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்க மழைக்காட்டில் தொடங்கி, பிறகு ஆசியாவுக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் மேக்ரோடெர்மிஸ் என்ற கறையான் எழுப்பும் புற்று 5 மீட்டரையும் தாண்டும். நம்மூர்ப் புற்று பெரும்பாலும் ஆளுயரத்துக்குள் அடங்கும்.

நம்பிக்கை: அமெரிக்கக் கரப்பான் அமெரிக்காவிலிருந்து வந்தது.

டவுன் சாக்கடை மூடியைத் தூக்கினால் ஓடும் அந்தச் செந்நிறப் பெரிய கரப்பானுக்கு 1758-ல் லின்னேயஸ் ‘அமெரிக்கானா’ என்று பெயர் வைத்தார். அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. கப்பலேறி உலகெங்கும் பரவியது. சமையலறையில் திரியும் சின்ன ஜெர்மன் கரப்பானின் கதை இன்னும் வேடிக்கை: அது தெற்காசியாவில், ஏறக்குறைய 2,100 ஆண்டுகளுக்கு முன் பிறந்த இனம் என்று 2024-ல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. பெயர் அவர்களுடையது, பிறப்பு நம் பக்கம்!

நம்பிக்கை: ஈசலுக்கு ஒருநாள்தான் ஆயுசு.

ஈசல் சிறகு முளைத்த கறையான்தான். காக்கைக்கும் பல்லிக்கும் இரையாவதால் வந்த பேச்சு இது. தப்பியது சிறகை உதிர்த்து, ஜோடி சேர்ந்து, மண்ணுக்குள் புதுக்குடி தொடங்கும். வரும் ஐப்பசி மழையில் டியூப்லைட்டடியில் விழுவதைக் குனிந்து பாருங்கள்: நான்கு சிறகும் ஒரே அளவாக இருந்தால் ஈசல், முன்சிறகு மட்டும் நீளமென்றால் அது எறும்பு.