தகர்க்கப்படாத துறைமுகம்

கேள்வி: போர்ச் செய்திகளில் டி.வி. சேனல்களை நம்பலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: இந்தியா–பாகிஸ்தான் மோதல் நடந்துகொண்டிருந்த 2025 மே 8 இரவை நினைத்துப் பாருங்கள். கராச்சி துறைமுகத்தை நம் கடற்படை தகர்த்துவிட்டதாகப் பல சேனல்கள் முழங்கின. அரசோ படையோ அப்படிச் சொல்லவே இல்லை. சேர்வராயன் மலையில் பனிமூட்டம் இறங்கினால் கொண்டை ஊசி வளைவில் டிரைவர் வேகத்தைக் குறைப்பார். நம் ஆங்கர்களோ அப்போதுதான் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார்கள். அந்த மோதலில் நமக்கும் விமான இழப்பு உண்டு என்பதை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் மே 31 அன்று சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார், அதுவும் வெளிநாட்டு ஊடகத்திடம். போர்க்காலத்தில் ரகசியம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். ஆனால் படை நகர்வை மறைப்பது வேறு, நடக்காத தாக்குதலை ஜோடிப்பது வேறு. இராக்கின் பேரழிவு ஆயுதக் கதையில் ஏமாந்த நியூயார்க் டைம்ஸ், 2004 மே மாதம் தன் குறையை அச்சிலேயே ஒப்புக்கொண்டது. கராச்சியை ‘அழித்த’ நம்மவர்களில் வருத்தம் தெரிவித்தவர்கள் சொற்பம்.