சின்ன யூனிட், பெரிய ஆபத்து: உங்கள் பட்டறைக் கம்ப்யூட்டருக்குச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2022 மார்ச் 1 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 தொழிற்சாலைகள் ஒரு நாள் முழுக்க நின்றன. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது டொயோட்டாவுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்துகொடுக்கும் கோஜிமா என்ற சப்ளையரிடம். அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோவையிலோ பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்கிறீர்களா? "பத்து பேர் யூனிட்டை யார் தேடி வரப்போகிறார்கள்" என்று இருந்துவிடாதீர்கள். திறந்து கிடக்கும் கம்ப்யூட்டரை இன்டர்நெட் முழுக்கத் தேடுவது புரோகிராம். அதற்குச் சின்ன யூனிட், பெரிய யூனிட் தெரியாது.

செய்ய வேண்டியவை

- டேலி டேட்டா, டிராயிங், சிஎன்சி புரோகிராம் மூன்றையும் இன்றே எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்கில் எடுங்கள். எடுத்ததும் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இன்னொரு காப்பி யூனிட்டுக்கு வெளியே இருக்கட்டும்.
- மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் இல்லாததுதான்.
- மெஷின் பாராமீட்டரையும் பிஎல்சி புரோகிராமையும் காப்பி எடுங்கள். பழைய கன்ட்ரோலர்கள் பலவற்றில் அவை ஒரு சின்ன பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. பேட்டரி அலாரத்தை நாளைக்குத் தள்ளாதீர்கள்.
- "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது" என்று சப்ளையரிடமிருந்து மெயில் வந்தால், பணம் போடும் முன் போன் செய்யுங்கள். மெயிலில் இருக்கும் நம்பர் வேண்டாம், பழைய பில்லில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடுங்கள். மெயில் ஐடியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். சில நேரம் சப்ளையரின் மெயிலே திருடர் கையில் இருக்கும். அப்போது ஐடியும் சரியாக இருக்கும், பழைய பேச்சும் தொடரும். எக்ஸ்போர்ட் செய்பவர்கள் பையரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.
- மெயிலுக்கு டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள். பாஸ்வேர்டு போனாலும் கதவு எளிதில் திறக்காது.
- வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றே மூடுங்கள்.
- சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற நம்பரை அக்கவுண்ட்ஸ் மேஜைக்கு மேல் ஒட்டுங்கள். பணம் போனது தெரிந்த நிமிடமே கூப்பிட்டால், அது கை மாறும் முன் முடக்க வாய்ப்பு உண்டு.

செய்யக்கூடாதவை

- ரிமோட் டெஸ்க்டாப்பை இன்டர்நெட்டுக்கு நேரடியாகத் திறந்து வைக்காதீர்கள். ரான்சம்வேர் அதிகம் நுழையும் வழிகளில் இது ஒன்று. கோஜிமா விஷயத்திலும் துணை நிறுவனம் ஒன்றின் ரிமோட் இணைப்புதான் ஓட்டையானது.
- சர்வீஸ்காரருக்காக எனிடெஸ்க்கை எப்போதும் ஆனில் விடாதீர்கள். வேலை முடிந்ததும் மூடுங்கள்.
- கிராக் சாஃப்ட்வேர் போடாதீர்கள். பெரும்பாலும் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லித்தான் அது உள்ளே வருகிறது.
- வெளியிலிருந்து வரும் பென் டிரைவையோ புது மெஷினையோ ஸ்கேன் செய்யாமல் இணைக்காதீர்கள். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளை நிறுத்தியது இப்படி இணைத்த ஒரு புது மெஷின்.
- விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் மெஷினை ஆபீஸ் வைஃபையில் சேர்க்காதீர்கள். அதை மாற்ற முடியாது என்பது புரிகிறது. தனியாக வைக்க முடியும். ஆபீஸில் விண்டோஸ் 10 இருந்தால், 2025 அக்டோபர் 14-உடன் அதன் வழக்கமான அப்டேட்டும் நின்றுவிட்டது.
- சிசிடிவி டிவிஆரிலும் ரவுட்டரிலும் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அப்படியே விடாதீர்கள்.
- டிஎஸ்சி டோக்கனையும் பின் நம்பரையும் ஒரே ஆளிடம் கொடுத்து வைக்காதீர்கள். அது உங்கள் கையெழுத்து.
- ஃபைல்கள் பூட்டிக்கொண்டால் பதறி ஃபார்மட் செய்யாதீர்கள், பணமும் கட்டாதீர்கள். முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், திரையைப் போட்டோ எடுங்கள். ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் பங்கேற்று நடத்தும் 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்குத் திறவுகோல் இலவசமாகக் கிடைக்கிறது. பூட்டிய ஃபைல்கள் இருந்தால்தான் அது உதவும்.